பதினோரு குடம் தண்ணீர்

2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை. வர்தா புயல் சென்னைக்கு அருகே கரையைக் கடந்த அன்று, திருப்போரூர்ப் பக்கம் எங்கள் கிணற்றடியில் நின்ற வாகை மரம் வேரோடு சாய்ந்தது. அப்போது இது காஞ்சிபுரம் மாவட்டம். செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019-இல். சாலையெங்கும் தூங்குமூஞ்சி மரங்கள் மல்லாந்து கிடந்தன. மூன்றாம் நாள் விறகு லாரிக்காரர் வந்து எங்கள் வாகையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து விலை சொன்னார். கொடுத்திருப்பேன். கூட நின்ற ஆசாரிதான் கோடாலியின் பின்பக்கத்தால் அடிமரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "வைரம் பாஞ்ச மரம் தம்பி. இதைப் போய் அடுப்புல வெப்பாங்களா? அறுத்துக் காய வெச்சுடு, மேசை ஆகும்" என்றார்.

அறுத்தது ஒரு காலைப்பொழுதில் முடிந்தது. காய்வதற்கு ஒன்றரை வருடம் பிடித்தது. அதில் நாலு பலகை வீண். வீணானதற்கு ஆசாரி காரணமில்லை, அவர் சொன்னதை நான் பாதிதான் கேட்டேன். மீதிப் பாதியின் நியாயம் என்ன என்று பிற்பாடு புத்தகங்களைப் புரட்டித் தெரிந்துகொண்டதுதான் இந்தக் கட்டுரை.

பொங்கல் கழிந்து மரத்தை மில்லுக்குக் கொண்டுபோனோம். அங்கே முதல் வேலை நாடாவைச் சுற்றி அளப்பது. அடிக்கட்டை நீளம் 8 அடி, சுற்றளவு 5 அடி. சுற்றளவை நாலால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, மறுபடி நீளத்தால் பெருக்கினால் பன்னிரண்டரை கன அடி. பள்ளிக்கூடத்தில் படித்த உருளைக் கணக்கைப் போட்டால் ஏறத்தாழ 16 வருகிறது. மூன்றரை கன அடி எங்கே போயிற்று என்று சண்டைக்கு நிற்க வேண்டாம். எட்வர்டு ஹாப்பஸ் என்ற ஆங்கிலேயர் 1736-இல் அச்சிட்ட வாய்பாட்டிலிருந்து வந்து நம் மரவாடிகளில் ஊறிப்போன வழக்கம் அது. உருண்டையைச் சதுரிக்கும்போது கழியும் பக்கவாட்டுச் சிராய்க்காக முன்கூட்டியே விடும் தள்ளுபடி என்று வைத்துக்கொள்ளலாம். உண்மைக் கன அளவில் எப்போதும் 78.5 சதவீதம்தான் கணக்கில் ஏறும். பை என்ற எண்ணை நாலால் வகுத்தாலும் அதே எண்தான்.

இன்னொரு கணக்கை மில்லில் யாரும் போடுவதில்லை. அந்தக் கட்டையை ஒரு சொட்டு ஈரமில்லாமல் உலர்த்தினால் சுமார் 250 கிலோ இருக்கும். பச்சையில் அதன் ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், உள்ளே 200 லிட்டர் தண்ணீர். மரத்தின் ஈரப்பதத்தை எப்போதும் உலர்ந்த கட்டையின் எடையோடுதான் ஒப்பிடுவார்கள். அதனால்தான் சில மென்மரங்களில் அது நூறு சதவீதத்தையும் தாண்டும். படிக்கிறபோது அச்சுப்பிழை என்று நினைத்துவிடக் கூடாது. நம் கடற்கரைக் காற்றில் மரம் 14 சதவீதத்தில் வந்து நிற்கும் என்றால், 35 லிட்டர் போக மிச்சம் 165 லிட்டர் வெளியேற வேண்டும். குடத்துக்கு 15 லிட்டர் வீதம் பதினோரு குடம். ஒரே கட்டையிலிருந்து, சத்தமில்லாமல், ஓட்டை போடாமல் இதை இறக்கி வைப்பதற்குப் பெயர்தான் மரத்தைப் பதப்படுத்துவது.

இந்தத் தண்ணீர் மரத்துக்குள் இரண்டு இடத்தில் இருக்கிறது. மரம் என்பது நீளவாக்கில் அடுக்கிய கோடிக்கணக்கான நுண்குழாய்கள். குழாய்களின் உள்ளே நிற்கும் நீர் ஒரு வகை. குழாய்ச் சுவருக்குள்ளேயே ஊறிப் பிணைந்திருக்கும் நீர் இன்னொரு வகை. முதலில் போவது உள்நீர். அது போகும்வரை மரம் எடை குறையுமே தவிர அளவில் அசையாது. ஈரப்பதம் 30 சதவீதத்தை நெருங்கும்போது குழாய்கள் காலி, சுவர் மட்டும் நனைந்த நிலை. சுவர் நீர் கிளம்பத் தொடங்கியதும் மரம் சுருங்குகிறது, வளைகிறது, வெடிக்கிறது. தச்சருக்கும் மரத்துக்கும் நடக்கிற வழக்கெல்லாம் இந்த 30-க்குக் கீழேதான்.

சுருங்குவதிலும் ஓரவஞ்சனை உண்டு. கோரைப்பாய் ஒன்று நனைந்து ஊதினால் கோரைகள் தடித்துக் குறுக்கே அகலுமே தவிர, கோரையின் நீளம் கூடாது. மரச்சுவரிலுள்ள செல்லுலோஸ் நூல்கள் பெரும்பாலும் நீளவாக்கில் கிடப்பதால் இங்கும் அதே கதை: நீளத்தில் சுருக்கம் ஆயிரத்தில் ஒன்று இரண்டு பங்கு. குறுக்கே மட்டும் சதவீதக் கணக்கு. அதிலும் நடுவிலிருந்து வெளிநோக்கிய ஆரத் திசையில் குறைவு, வளையங்களை ஒட்டிச் சுற்றிவரும் திசையில் ஏறக்குறைய இருமடங்கு. தேக்கில் முழுக்க உலரும்போது ஆரத்தில் 2.5, சுற்றில் 5.8 சதவீதம். நடுவிலிருந்து கதிர்போல ஓடும் திசுக்கள் ஆரத் திசையைப் பிடித்து நிறுத்துவது இதற்கு ஒரு காரணம்.

முழுக்கட்டை ஏன் நட்சத்திரம்போல வெடிக்கிறது என்பது இதிலேயே அடங்கியிருக்கிறது. தொந்தி கொஞ்சம் குறைகிறது, வேட்டி அதைவிட அதிகமாகச் சுருங்குகிறது என்றால் முடிச்சு எட்டாது அல்லவா? 150 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள கட்டையில் ஆரம் 3 சதவீதம் சுருங்கினால் அதைச் சுற்றிவர நூற்று நாற்பத்தைந்தரை சென்டிமீட்டர் மரம் வேண்டும். சுற்றுவாக்கில் 6 சதவீதம் சுருங்கிய மரமோ 141 சென்டிமீட்டர்தான் இருக்கிறது. எட்டாத நாலரை சென்டிமீட்டர்தான் வெடிப்பு. பாதியாகப் பிளந்துவிட்டால் இந்த இறுக்கம் பெரும்பாலும் தளர்ந்துவிடும். அதனால் விழுந்த மரத்தை முழுக்கட்டையாகப் போட்டுவைப்பதைப் போன்ற தப்பு வேறில்லை. நான் ஐந்து வாரம் போட்டுவைத்திருந்தேன்.

இன்னொன்று, நுண்குழாய்கள் நீளவாக்கில் ஓடுவதால் வெட்டுமுகம் வழியாக நீர் ஓடும் வேகம் பக்கவாட்டைவிடப் பத்துப் பன்னிரண்டு மடங்கு. முனை முதலில் காய்ந்து சுருங்கும், நடு இன்னும் பச்சை, முனை கிழியும். மரம் விழுந்த அன்றே இரண்டு முனையிலும் கெட்டியாகப் பெயின்டோ மெழுகோ தாரோ பூசிவிட்டால் இது அடங்கும். சாணியும் களிமண்ணும் குழைத்து அப்புகிற பழைய ஆட்களும் உண்டு. ஆசாரி அன்றே சொன்னார்: "மூஞ்சியை மூடு தம்பி." எனக்குப் புரியவில்லை. இரண்டு முனையிலும் ஒவ்வொரு அடி கழிவு.

அறுக்கும்போது மில்லில் எல்லோரும் தும்மினோம். வாகைத்தூள் மூக்கைப் பிடுங்கும். முகமூடி இல்லாமல் பக்கத்தில் நிற்காதீர்கள். போர்க்களத்தில் வென்றவன் சூடிய பூ எத்தனை மென்மையோ, அறுத்த தூள் அத்தனை காட்டம். பட்டை ரம்பம் உள்ளே போனதும் மரம் இரண்டு நிறமாகத் திறந்தது: வெளியே வெளிர் மஞ்சள் வளையம், உள்ளே தேன் காய்ச்சியதுபோன்ற பழுப்பு. வெளியே இருப்பது உயிரோடு நீர் கடத்திய வெள்ளை. உள்ளே இருப்பது வேலை ஓய்ந்து, மரத்தின் சொந்த ரசாயனங்கள் படிந்து இறுகிய வைரம். உள்ளே வைரம் பாய்வது மரம், வெளிப்புறம் கெட்டிப்படுவது புல் என்று தொல்காப்பிய மரபியல் பிரித்து வைத்திருக்கிறது. பனையும் தென்னையும் அந்தக் கணக்கில் புல். இன்றைய தாவரவியலும் அவற்றை ஒருவித்திலை என்று புல்லோடு சேர்த்துத்தான் வைக்கிறது. மில்லிலும் அதே பிரிவினைதான்: பனையில் வெளிப்புறத்தைச் சட்டமாக எடுத்துக்கொண்டு நடுச்சோற்றை எறிவார்கள், வாகையில் நடுவை ஒட்டிய கட்டையைப் பக்குவமாக வைத்துக்கொண்டு வெளி வெள்ளையைச் சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

ரம்பம் எந்தத் திசையில் போகிறது என்பது முக்கியம். கட்டையைத் திருப்பாமல் அடுக்கடுக்காகச் சீவினால் அகலமான பலகையும் நல்ல பூவேலைப்பாடும் கிடைக்கும், கழிவும் குறைவு. ஆனால் ஓரப் பலகைகளில் ஒரு முகம் அதிகமாகச் சுருங்கி, காய்ந்ததும் வைரப்பக்கம் புடைத்து வெளிப்பக்கம் குழியும். கட்டையை நாலாகப் பிளந்து ஆரவாக்கில் அறுத்தால் பலகை குறுகும், கூலி கூடும். ஆனால் நேராக நிற்கும். கதவுக்கு ஆரவாக்கு, மேசைக்கு அடுக்குவாக்கு என்பது என் தீர்ப்பு. நட்டநடுச் சோற்றைப் பலகைக்குள் விடவே கூடாது. அது எப்படியும் பிளக்கும். ஒரு அங்குலப் பலகை வேண்டுமென்றால் ஒன்றேகால் அங்குலம் அறுக்கச் சொல்லுங்கள். மீதி சுருக்கத்துக்கும் இழைப்புளிக்கும்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பலகைகளில் நாலை, சீக்கிரம் காயட்டும் என்று மொட்டைமாடி வெயிலில் பரப்பினேன். அப்பளத்தை யாராவது உச்சி வெயிலில் காயவைப்பார்களா? நிழலில்தான் உலர்த்துவார்கள்; வெயிலில் போட்டால் சுருண்டுவிடும் என்று எங்கள் அம்மாவுக்குத் தெரியும். பலகைக்கும் அதே விதி. மேல்முகம் இரண்டே நாளில் காய்ந்து சுருங்கப் பார்த்தது. அடிமுகம் பச்சையாக நின்று விடவில்லை. பத்தாம் நாள் நாலும் ஓடம்போல வளைந்து, முகமெல்லாம் நகக்கீறலாக வெடித்துக் கிடந்தன. பார்க்க வந்த ஆசாரி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் உறைத்தது.

மீதியை அவரே அடுக்கினார். கொட்டகை நிழலில், கரையானுக்கு எட்டாமல் ஒன்றரை அடி உயரத்தில் கல் தாங்கிகள். அவற்றின் மேல் பலகை, அதன்மேல் ஒரு அங்குலச் சதுரக் காய்ந்த ரீப்பர் துண்டுகள் ஒன்றரை அடிக்கு ஒன்றாகக் குறுக்கே, மறுபடி பலகை. ரீப்பர்கள் எல்லாம் கீழிருந்து மேல்வரை ஒரே நேர்க்கோட்டில். ஒன்று விலகினாலும் அந்த இடத்தில் பலகை தொய்ந்து அப்படியே உறைந்துவிடும். அடுக்குக்கு மேலே கனம் வேண்டும். இது கல்லுக்குப் பஞ்சமில்லாத சீமை; ஆறு கருங்கல் பாளங்களை ஏற்றினோம். காற்று பலகைகளின் இரு முகத்தையும் சமமாகத் தொட வேண்டும், வெயில் ஒன்றையும் தொடக் கூடாது. இவ்வளவுதான் இதில் உள்ள வித்தை.

ஆனால் வெள்ளைப் பகுதியை மறந்துபோனோம். சித்திரையில் ஒரு காலை, அடுக்குக்குக் கீழே சலித்த மைதாபோல மாவு கொட்டியிருந்தது. வெள்ளையில் மரம் தன் பசிக்குச் சேர்த்துவைத்த மாவுச்சத்து உண்டு. அதைத் தேடி வரும் நுண்வண்டு முட்டையிட, புழுக்கள் உள்ளேயே தின்று மாவாக்கும். வைரத்தில் அந்தச் சத்தும் இல்லை, படிந்த ரசாயனங்களும் கசப்பு, அதனால் தொடாது. அறுத்த உடனே, பச்சையாக இருக்கும்போதே போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் பலகையை நனைத்திருந்தால், ஈரத்தின் வழியாகவே மருந்து உள்ளே பரவியிருக்கும். போராக்ஸ் என்றால் நாட்டுமருந்துக் கடை வெங்காரம்தான். காய்ந்த பிறகு தடவினால் மேலோடு நின்றுவிடும்.

குளத்தில் ஊறப்போடுகிற பழைய வழக்கத்துக்கும் இங்கே நியாயம் இருக்கிறது. சில மாதம் தண்ணீரில் கிடந்தால் மாவுச்சத்து கரைந்தும் புளித்தும் போகும், வண்டுக்கு வேலையில்லை. காயவைக்க வேண்டிய மரத்தை நனைப்பதா என்று கேட்கலாம். பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். 20 சதவீதத்துக்குக் கீழே காய்ந்த மரத்தில் ஈரம் போதாது. முழுக்க மூழ்கிய மரத்தில் காற்று போதாது. நடுவில் தத்தளிக்கிற மரம்தான் மக்கும். பக்கத்துக் காஞ்சிபுரத்தில் அனந்தசரஸ் குளத்துக்குள் இருக்கும் அத்திவரதர் 1979, 2019 என நாற்பது ஆண்டுக்கொரு முறை வெளியே வருவதை நாடே பார்த்தது. அத்தி வலுவான மரம் என்று எந்தத் தச்சரும் சொல்லமாட்டார். வெளியில் மழையும் வெயிலுமாகக் கிடந்தால் சில வருடம்கூடத் தாங்காது. நீருக்கடியில் அது தாங்குவதைப் பூஞ்சையின் மூச்சுத்திணறலாகவும் படிக்கலாம்; பக்தி அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. கோவளம், மாமல்லபுரம் கரையில் கட்டுமரத்தைத் தினமும் அவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியாக மணலில் காயப்போட்டதும் இதே ஈரக்கணக்குதான்: ஊறிய கட்டை சரியாக மிதக்காது, தள்ளவும் கனம். கண்ணாடியிழைப் படகு வந்தபின் அந்தக் காட்சி அரிதாகிவிட்டது.

வெளிநாட்டுப் புத்தகங்கள் அங்குலத்துக்கு ஒரு வருடம் என்கின்றன. குளிர்நாட்டுக் கணக்கை இங்கே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. செங்கல்பட்டுச் சீமையில் தை முதல் ஆடி வரை வானம் பெரும்பாலும் தச்சர் பக்கம். ஆனி, ஆடியில் மேற்கே இருந்து வரும் வறண்ட காற்று, பிற்பகலில் கடற்காற்று உள்ளே நுழையும்வரை, மரத்தை நன்றாக உறிஞ்சும். நான் இரண்டு அங்குலப் பலகை ஒன்றில் இரண்டு அடித் துண்டை மாதிரியாக வெட்டி, முனைகளில் பெயின்ட் பூசி, அடுக்குக்குள்ளேயே வைத்து அவ்வப்போது தராசில் நிறுத்தேன். தை மாதம் 6.2 கிலோ. சித்திரையில் 5.1. புரட்டாசி தொடக்கத்தில் 4.2. ஐப்பசி மழையில் குறைவதற்குப் பதில் 50 கிராம் கூடியது! மறு ஆனியில் 3.95-க்கு வந்து நின்றது. அதற்குப் பிறகு வாரக்கணக்கில் முள் அசையவில்லை. ஒன்றேகால் அங்குலப் பலகைகள் முதல் புரட்டாசியிலேயே தயார். ஊசி குத்திப் பார்க்கும் ஈரமானிகள் இப்போது சுலபமாகக் கிடைக்கின்றன. ஈர மரம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பதுதான் அவற்றின் சூத்திரம். இருந்தாலும் எனக்குத் தராசின் மேல்தான் நம்பிக்கை.

எடை ஏன் நின்றது? மரம் முழுக்கக் காய்ந்ததாலா? இல்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம், வெப்பம் 30 பாகை என்றால், மரம் சுமார் 14 சதவீதத்தில் காற்றோடு சமாதானமாகிவிடும். அதற்குமேல் கொடுக்காது, வாங்காது. காற்று மாறினால் சமாதானமும் மாறும். மாமல்லபுரத்தில் 14-இல் நின்ற பலகையைப் பழைய மாமல்லபுரம் சாலையிலுள்ள ஒரு குளிர்சாதன அலுவலகத்துக்குள் கொண்டுபோனால், அங்கே காற்றின் ஈரப்பதம் 50 என்றால், அது 9 வரை இறங்கும். ஒரு அடி அகலத் தேக்குப் பலகை அடுக்குவாக்கில் அறுத்தது என்றால் மூன்று மில்லிமீட்டர் குறுகும். 'நல்ல மரம் என்றுதானே சொன்னான்' என்று தச்சரைத் திட்டுகிற வீடுகளில் பாதிக்குமேல் குற்றவாளி ஏசிதான் என்று நினைக்கிறேன். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 287, காற்றின் ஈரப்பதத்தை வைத்து நாட்டை நாலு மண்டலமாகப் பிரித்து, எங்கே எந்த மரவேலைக்கு எவ்வளவு ஈரம் இருக்கலாம் என்று சொல்கிறது. ராஜஸ்தானுக்குப் பொருந்துகிற கதவு நம் கரைக்குப் பொருந்தாது.

அவசரக்காரர்களுக்கு உலர்த்தும் சூளை இருக்கிறது. அதில் வேடிக்கை என்னவென்றால், மரத்தைக் காயவைக்கும் அறைக்குள் தொடக்கத்தில் வேண்டுமென்றே நீராவியை விடுவார்கள். மேல்தோல் உள்ளேயிருந்து வரும் ஈரத்துக்கு முந்திக்கொண்டு காய்ந்துவிடாமல் இருக்கத்தான். டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனம் சூரிய வெப்பத்தில் இயங்கும் சூளையையும் வடிவமைத்திருக்கிறது. நமக்கு வெயிலுக்கா பஞ்சம்?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பழைய தூண், பழைய கதவு விற்கும் கடைகளில் "நூறு வருஷ மரம் சார், அசையாது" என்பார்கள். பாதி உண்மை. உள்ளே அடைபட்ட இறுக்கங்கள் எல்லாம் தளர்ந்து தீர்ந்திருக்கும்; புதிதாக முறுக்கிக்கொள்ளாது. ஆனால் மழைக்காலத்தில் ஊதுவதையும் கோடையில் ஒடுங்குவதையும் நூறு வருடம் ஆனாலும் மரம் விடுவதில்லை. பழைய தச்சர்களுக்கு இது தெரியும். முட்டுக்காடு தட்சிணசித்ராவில் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கோத்து நிறுத்திய வீடுகளுக்குப் போனால் கதவுகளைக் கிட்டத்தில் பாருங்கள். பழைய பலகைக் கதவில் நடுப்பலகையைச் சட்டத்தின் காடிக்குள் ஒட்டாமல், ஆணி அடிக்காமல், மூச்சுவிட இடம் வைத்துச் செருகியிருப்பார்கள்.

அங்கிருந்து தெற்கே அரைமணி நேரத்தில் மாமல்லபுரத்துப் பஞ்சரதங்கள். மரத்திலும் கூரையிலும் கட்டிப் பழகிய வடிவங்களைக் கல்லுக்கு மாற்றியவை: பீமரதத்தின் வண்டிக்கூண்டு வளைவு, திரௌபதி ரதத்தின் குடிசைக் கூரை. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் கல்வெட்டியே வைத்தான். அவன் காலத்து மரக்கோயில்கள் ஒன்றும் மிஞ்சவில்லை. கல்லில் காடி வெட்டி இடம் விட வேண்டிய கவலை சிற்பிக்கு இல்லை.

ஒரு வார்த்தை. அடுத்த புயலில் உங்கள் வீட்டு வாகையோ வேம்போ பூவரசோ சாய்ந்தால், விறகு வண்டிக்குப் போன் போடும் முன் இரண்டு முனைக்கும் பெயின்ட் பூசிவிடுங்கள். தேக்கு, சந்தனம் மாதிரி மரமென்றால் நகர்த்தும் முன் வனத்துறையிடம் கேளுங்கள். சாலையோர மரம் உங்களுடையது இல்லை.

எங்கள் வாகை இப்போது மேசை. மேல்பலகையை அடிச்சட்டத்தோடு நீள்துளையில் திருகாணி போட்டு, அசைய இடம்விட்டு இணைத்திருக்கிறார் ஆசாரி. போன கார்த்திகையில் அதன் அகலம் 600 மில்லிமீட்டர். இந்த ஆனியில் அளந்தேன், 597.